சோதனையில்லாத நோய்

1998ஆம் ஆண்டில், மும்பை நகரத்தின் குடிசைப் பகுதிகளில், பத்தாம் வகுப்புவரை படித்து அதற்குமேல் நான்கு வாரப் பயிற்சியை மட்டும் பெற்ற சில பெண்கள், வாசல்தோறும் சென்று, முப்பத்தைந்து வயதுக்கும் அறுபத்துநான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஸ்திரீகளை அழைத்து, புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் உச்சரிக்கக் கூசிய குடும்பங்களின் நடுவே அமர்ந்து, அந்த வியாதியைப் பற்றி நிதானமாக எடுத்துரைக்கத் தொடங்கினார்கள். பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய அந்தப் பெரிய ஆராய்ச்சியில் 1,51,538 பெண்கள் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். பத்து வட்டாரங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் பரிசோதனையும் அறிவுரையும் நடந்தன. மற்றப் பத்தில் தொடக்கத்தில் ஒருமுறை அறிவுரை மட்டும் சொல்லப்பட்டது. பரிசோதனை என்பதும் பிரமாதமான காரியமன்று: வினிகருக்குப் புளிப்பைத் தருகிற அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, கருப்பைவாயின்மீது தடவி, சற்றே பொறுத்து, வெளுத்துத் தோன்றும் இடம் ஏதேனும் உண்டா என்று வெறுங்கண்ணால் பார்ப்பதே அது. 2014இல் சுரேந்திர சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முடிவின்படி, பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில், பரிசோதனை நடந்த வட்டாரங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயினால் நேர்ந்த மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன. (பரிசோதனை பெறாத பாதிப் பெண்களை அப்படியே விட்டுவைத்தது தர்மந்தானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, அது நியாயமான கேள்வி என்பதே என் அபிப்பிராயமும்.)

சாதாரணப் படிப்புள்ள ஒரு பெண், மலிவான ஒரு திரவம், ஒரு விளக்கின் வெளிச்சம், இவற்றைக் கொண்டு ஒரு மகாநகரத்தில் மரணத்தைக் குறைக்க முடியும் என்று நிரூபணமான பிறகு, அதே பெண்ணை அதே வாசலுக்கு மறுபடியும் அனுப்பிச் சினைப்பைப் புற்றுநோயையும் அவ்விதமே பிடித்துவிடலாமே என்று வாசகர் நினைப்பது இயல்பு. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பு, கருப்பைவாய் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடத்தில் நிற்பது இது. ஆண்டொன்றுக்கு 45,000க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நாட்டில் இது புதிதாகக் காணப்படுகிறது. 30,000க்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் இதனால் இறக்கிறார்கள். நோய் காணப்படுவோர் தொகைக்கும் இறப்போர் தொகைக்கும் இடையே இவ்வளவு குறைவான தூரம் இருப்பதே, கண்டுபிடிப்பதில் நாம் எவ்வளவு பிந்திவிடுகிறோம் என்பதற்குச் சாட்சி. ஆயினும் சினைப்பையின் விஷயத்தில் அந்தச் சுகாதார ஊழியரின் பையில் வைத்தனுப்ப நம்மிடம் ஒன்றுமில்லை. இந்த உண்மையை ஒளிக்காமல் சொல்லித் தொடங்குகிற பிரசாரமே இந்நோயைப் பற்றிய யோக்கியமான பிரசாரமாக இருக்க முடியும்.

ஏன் ஒன்றுமில்லை என்பதற்குக் காரணம் முதலில் உடலமைப்பிலேயே இருக்கிறது. கருப்பைவாய் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடம். அங்கே புற்று முற்றுவதற்குப் பத்து ஆண்டுகளோ அதற்கும் மேலோ முன்னதாகவே அதன் பூர்வ நிலை மேற்பரப்பில் தெரியத் தொடங்கிவிடுகிறது. சினைப்பைகளோ, மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத அளவில், இடுப்புக் கூட்டின் ஆழத்தில், குடல்களுக்கு அடியில் மறைந்து கிடப்பவை. அதிகமாகக் காணப்படுவதும் அதிகமாக உயிர் பறிப்பதுமான வகைப் புற்று, சினைப்பையிலேயே பிறப்பதுகூட இல்லை, அதன் அருகே விரல்கள்போல் விரிந்திருக்கும் கருக்குழாயின் நுனியில் பிறந்து சினைப்பைக்கு வந்து சேர்கிறது என்பது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்திலும் அமெரிக்காவிலும் நோய்க்கூற்று ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்ன செய்தி. அந்த நுனி வயிற்றுக்குழிக்குள் திறந்தே இருக்கிறது. ஆகையால் அங்கே தோன்றிய தீய அணுக்கள், தடுக்க ஒரு சுவரும் இல்லாமல், விதை தூவினாற்போல் வயிற்றின் உட்சவ்வெங்கும், குடலுக்குமுன் திரையாகத் தொங்கும் கொழுப்புப் படலத்தின்மீதும் விழுந்து பற்றிக்கொள்கின்றன. கட்டி பெரிதாகி வெளியே தெரிவதற்கு முன்பே நோய் பரவிவிட்டிருக்கும். நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினர் மூன்றாம் நான்காம் கட்டத்தில் வந்து சேர்வதற்கு அவர்களுடைய அசிரத்தை மட்டுமே காரணமன்று.

இந்தத் தடையை விஞ்ஞானத்தால் தாண்ட முடியுமா என்று பார்ப்பதற்காக நடந்த முயற்சிகளில் மிகப் பெரியது இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகிய இடங்களில் நடந்தது. இயான் ஜேக்கப்ஸ், உஷா மேனன் முதலானோர் தலைமையில், 2001 முதல் 2005 வரை, ஐம்பதிலிருந்து எழுபத்துநான்கு வயதுவரையுள்ள 2,02,638 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 என்னும் ரத்தப் பரிசோதனை செய்து, அதன் ஏற்றத்தாழ்வைக் கணித்துத் தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளை எட்டும் வரை காத்திருந்து 2021இல் கணக்குப் பார்த்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் முதற்கட்டத்திலேயே பிடிபட்ட நோயாளிகள் அதிகமாகவும் நான்காம் கட்டத்தினர் குறைவாகவும் இருந்தார்கள்; ஆனால் மரணத்தின் விகிதம் மட்டும் எல்லாப் பிரிவிலும் ஒன்றாகவே, நூற்றுக்கு 0.6 ஆகவே நின்றது. நோயை முந்திக் கண்டுபிடித்தும் உயிரை மீட்க முடியவில்லை. முந்திக் கண்டால் பிழைக்கலாம் என்ற வாக்கியத்தைச் சுவரொட்டிகளில் அச்சிடுகிறவர்கள் இந்த முடிவின் எதிரே ஒரு நாழிகை அமர்ந்து யோசிப்பது நல்லது. முதற்கட்டத்தில் பிடிபட்டவர்களில் சிலர், எப்படியும் மெல்ல வளரும் சாதுவான கட்டிகளை உடையவர்களாக இருந்திருக்கலாம். உயிரைக் குடிக்கிற வகையோ, ஆண்டுக்கு ஒருமுறை வீசுகிற வலைக்குள் அகப்படாமல் இடையிலேயே பரவிவிடும் வேகம் உடையது.

அமெரிக்காவில் 78,216 பெண்களிடையே நடந்து 2011இல் முடிவு வெளியான ஆராய்ச்சி இதைவிடக் கசப்பான பாடத்தைத் தந்தது. அங்கேயும் மரணம் குறையவில்லை. அதோடு, புற்றே இல்லாத 3,285 பெண்களுக்குச் சந்தேகத்துக்கு இடமான முடிவு வந்து, அவர்களில் 1,080 பேர் அறுவைக்கு உட்பட்டு, அவர்களிலும் 163 பேர் கடுமையான பின்விளைவுகளுக்கு ஆளானார்கள். மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எண்களைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபதாம் வயது நிறைவைச் சஷ்டியப்தபூர்த்தியோடு சேர்த்து முழு உடல் பரிசோதனையினாலும் கொண்டாடுகிற பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. பரிசோதனைக் கூடங்கள் தரும் தொகுப்புகளில் சி.ஏ. 125உம் ஒரு வரியாக இடம்பெற்றிருப்பதைக் காணலாம். யாதொரு உபாதையும் குடும்பச் சரித்திரமும் இல்லாத பெண்ணுக்கு அந்த வரியினால் பிரயோஜனம் இல்லை. அளவு 35ஐத் தாண்டினால் வீட்டில் ஒரு மாதம் உறக்கம் போகும். தாண்டாவிட்டால், முதற்கட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தாண்டுவதே இல்லை என்பது தெரியாமல், பொய்யான நிம்மதி பிறக்கும். அந்தப் பணத்தைச் சண்முகானந்தா சபையில் ஒரு நல்ல கச்சேரிக்குச் செலவிட்டால் மனமாவது தெளியும்.

எனவே ஆரோக்கியமாக நடமாடுகிற பெண்ணைச் சோதனைக்கு அழைப்பது இந்நோயின் பிரசாரமாகாது. மிஞ்சுவது ஒரே வழி: உடல் ஏதோ சொல்லத் தொடங்கிய நாளுக்கும் உரிய மருத்துவர் அதைக் கேட்கும் நாளுக்கும் இடையே வீணாகிற மாதங்களைக் குறைப்பது.

வெகுகாலமாக இந்நோய்க்கு அறிகுறியே கிடையாது என்றுதான் மருத்துவ மாணவர்களுக்குப் போதித்து வந்தார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகர மருத்துவர் பார்பரா கோஃப் என்பவர் நோயாளிகளையே விசாரித்து, அறிகுறிகள் இருந்தன, சொல்லவும் சொன்னார்கள், கேட்டவர்கள்தாம் வேறு பெயரிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று காட்டினார். 2007இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்நோயோடு தொடர்புபடுத்திய அறிகுறிகள் எளிமையானவை. வயிறு உப்புதல் அல்லது பெருத்தல். அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி. சாப்பிட உட்கார்ந்து சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல். அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருதல். இவற்றில் ஏதேனும் ஒன்று புதிதாக, அதாவது ஓராண்டுக்குள் தோன்றியதாகவும், மாதத்தில் பன்னிரண்டு நாள்களுக்கு மேல் வருவதாகவும் இருந்தால் சினைப்பையை நினைக்க வேண்டும். இவை யாருக்கும் வராத உபாதைகள் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வாரமும் யாருக்காவது வந்து போகிறவை இவை. வந்து போவது, வந்து நின்றுவிடுவது என்ற பேதமே இங்கே முக்கியம். விருந்துக்கு மறுநாள் உப்பிய வயிறு இரண்டு நாளில் வற்றிவிடும். புடவைக் கொசுவத்தை மாதாமாதம் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தும் முகமும் தோளும் மெலிந்துகொண்டே போகிற பெண்ணின் வயிறு வேறு சங்கதி. ஐம்பது வயதை ஒட்டியோ கடந்தோ முதன்முறையாக ஒருத்திக்கு ‘வாயுக் கோளாறு’ பிறந்திருப்பதாகச் சொல்லப்பட்டால், இடுப்புப் பகுதிக்கு ஒரு ஸ்கேன் எடுக்காமல் அந்தப் பெயரை ஏற்கலாகாது.

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில் இந்த அறிகுறிகள் என்ன கதியடைகின்றன என்று யோசித்துப் பார்த்தால், மேல்நாட்டில் எழுதிய குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துத் துண்டுப் பிரசுரமாக வழங்குவது எவ்வளவு போதாத காரியம் என்பது விளங்கும். தொண்ணூறடிச் சாலைக்கு இருபுறமும் கிளைக்கிற சந்துகளில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் சந்ததியினர் வாழ்கிற வீடுகளில், பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டும். இரவில் போவதற்குத் துணை வேண்டும். ஆகவே அங்கே வளர்ந்த பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடித்து, வந்ததை அடக்கிக்கொள்ளும் வித்தையைச் சிறுவயதிலேயே கற்றுவிடுகிறார்கள். அடிக்கடி சிறுநீர் வருகிறதா என்று அவர்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள், அது பொய்யன்று. அடிக்கடி போக வேண்டும்போல் இருந்து அடக்கிக்கொள்கிறீர்களா, முன்னைக்கு இப்போது அடக்குவது சிரமமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பசியைப் பற்றிய கேள்வியும் அப்படியே. விடியுமுன் எழுந்து இட்லி வேகவைத்து விற்பனைக்கு அனுப்பிவிட்டு, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை நின்றபடியே உண்கிற ஒருத்தி, இரண்டு வாய் தின்றதும் போதுமென்றால் வீட்டில் யார் கவனிப்பார்? அவளே கவனிப்பதில்லை. மாலையில் மருந்துக் கடையில் கேஸுக்கு ஒரு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவாள். இரண்டு மணி நேரம் தேவலையாக இருக்கும். இப்படியே ஐந்தாறு மாதம் கழியும்.

இதற்கு மேல் காசநோய் வேறு. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கத்தில் அந்நோய் குடியிருப்பது அனைவரும் அறிந்ததே. அது நுரையீரலை மட்டுமன்றி வயிற்றின் உட்சவ்வையும் பற்றக்கூடியது. அப்போது வயிற்றில் நீர் கோக்கும், உடல் இளைக்கும், பசி மந்தமாகும், சினைப்பைப் பக்கம் ஸ்கேனில் கட்டிபோலவும் தோன்றும், போதாக்குறைக்கு சி.ஏ. 125 அளவும் ஏறிவிடும். இரண்டு வியாதியும் ஒன்றன் வேஷத்தை மற்றொன்று இவ்வளவு கச்சிதமாகத் தரித்து வருவதால், இரு திசையிலும் பிழை நேர்வதுண்டு: காசநோய்ப் பெண்ணுக்குப் புற்று என்று வயிற்றைத் திறந்துவிடுவது ஒன்று, புற்றுநோய்ப் பெண்ணுக்குக் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சில மாதங்களைக் கழித்துவிடுவது மற்றொன்று. திசுவில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தீர்ந்துவிடுகிற சந்தேகம் இது. வயிற்றில் நீர் கோத்த பெண்ணுக்கு ஊகத்தின்பேரில் ஆறு மாத மருந்து எழுதப்படுமானால், திசுப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்கும் உரிமை அவள் வீட்டாருக்கு உண்டு என்பதை, விழிப்புணர்ச்சிக் கூட்டங்களில் முதல் விஷயமாகவே சொல்ல வேண்டும். லண்டனில் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் இந்த வாக்கியம் இருக்காது. தாராவியில் அது இல்லாமல் முடியாது.

சயான் மருத்துவமனையின் கிளையாகத் தாராவிக்குள்ளேயே இயங்கி, மக்களால் சின்ன சயான் என்றே அழைக்கப்படும் நகர்ப்புறச் சுகாதார நிலையம் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தூரம் காலால் மட்டும் அளக்கப்படுவதன்று. ஊரிலிருந்து வந்து நாற்பது ஆண்டு ஆகியும் சந்தைக்கு வேண்டிய இந்திக்கு மேல் அறியாத ஒரு தாய், மருத்துவரிடம் போகும்போது மகனை அழைத்துச் செல்கிறாள். மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டாயிற்று, இப்போது உதிரம் படுகிறதா என்று கேட்க, மகன் தலையைக் குனிந்துகொண்டு, ‘அம்மா, வயிறு வலிக்குதான்னு கேக்குறாங்க’ என்கிறான். அவளும் ‘ஆமாப்பா, வாயு’ என்கிறாள். இருவரிடத்தும் குற்றமில்லை, அந்தப் பேச்சுக்கு அவர்கள் இருவரும் உரியவர்களல்லர், அவ்வளவே. மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகைகளில் தமிழறிந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரு மருமகளோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஆறு மாதம் மிச்சமாகலாம். டாட்டா மருத்துவமனையின் ஆராய்ச்சி நமக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் வினிகரைப் பற்றியதன்று என்றே நான் கருதுகிறேன். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நான்கு வாரம் கற்பித்தால் அவள் சொல்லும் வார்த்தைக்கு வீட்டின் உள்ளறைவரை செல்லும் சக்தி உண்டு என்பதே அது. சோதனைக்கு மாற்றாக அவளிடம் நல்ல கேள்விகளைக் கொடுத்தனுப்பலாம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தடை வேறு உருவில் இருக்கிறது. ஆஸ்திக சமாஜத்துக் கோவிலைச் சுற்றியும், சேடா நகர் முருகன் சந்நிதியிலும் கூடுகிற மாமிகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கும், மகனையோ மகளையோ அமெரிக்காவில் வைத்திருப்பவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் குடும்பத்தில் யார் எந்த நோயால் இறந்தார் என்பது அங்கே பெட்டிக்குள் பூட்டிவைக்கிற ரகசியம். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பத்துப் பொருத்தமும் அலசப்படும்; அத்தை எந்த வியாதியில் போனாள் என்பது மட்டும் ‘வயித்துல கோளாறு’ என்ற இரண்டு வார்த்தைகளில் அடங்கிவிடும். அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் ஒரு முழுப் பரம்பரையின் செய்தி இருக்கக்கூடும். 1994இல் அடையாளங்காணப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, அதையடுத்துத் தெரியவந்த பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரு மரபணுக்கள், சேதமுற்ற மரபுப் பொருளைச் செப்பனிடும் வேலையைச் செய்பவை. அவற்றில் பிறவியிலேயே பிழை உள்ள பெண்ணுக்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்புப் பன்மடங்கு ஏறுகிறது. எண்பது வயதுக்குள் சினைப்பைப் புற்று வரும் சாத்தியம் முதல் மரபணுவில் பிழையுள்ளவர்களுக்கு நூற்றுக்கு 44, இரண்டாவதில் பிழையுள்ளவர்களுக்கு 17 என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. மற்றப் பெண்களுக்கு அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டியதே. இந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் இந்தப் பிழை காணப்பட்டது. யூதர்களிடையே பிரசித்தமான ஒரு மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

பலர் அறியாத செய்தி, இந்தப் பிழை தகப்பன் வழியாகவும் வரும் என்பது. தகப்பனுக்குச் சினைப்பை இல்லாமையால் அவனிடத்தில் அது மறைந்திருந்து மகளிடத்தில் வெளிப்படலாம். ஆகவே அம்மா, பெரியம்மா, சித்தி, அம்மாச்சி என்று விசாரிக்கிற நாக்கு அத்தையிடமும் அப்பாயியிடமும் நின்று கேட்க வேண்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணக்கிற வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இரு வழியும் ஒரே வீட்டில் வந்து முடிவதால், வம்ச வரிசையை ஒரு தாளில் வரைந்து பார்ப்பது நமக்கு மற்றவர்களைவிட எளிது. வரைந்து பார்ப்பவர்கள்தாம் குறைவு. ஒரு பெண்ணுக்குச் சினைப்பைப் புற்று என்று தீர்மானமானால், அவளுக்கு மரபணுச் சோதனை செய்யச் சொல்வதும், பிழை தென்பட்டால் அவளுடைய சகோதரிகளுக்கும் பெண்களுக்கும் சோதனை செய்யச் சொல்வதும் இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை. ஆரோக்கியமான பெண்களில் முன்கூட்டிச் செய்யும் சோதனை பயன்படுகிற ஒரே வாசல் இதுதான். பிழை உறுதியானவர்கள் குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டால் ஆபத்துப் பெரிதும் நீங்குகிறது.

நோய் வராமல் காப்பதைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. எகிப்து தேசத்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா, 1971இல், மாதந்தோறும் சினைப்பை வெடித்து முட்டையை வெளியிடுவதும் புண் ஆறுவதுமாக ஓயாமல் நடப்பதே இந்தப் புற்றுக்கு வித்து என்று அனுமானித்தார். இடைவிடாமல் முட்டையிடும் கோழிகளுக்கு இந்நோய் தானாகவே வருவது அவருக்குத் துணையாயிற்று. கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல், கருத்தடை மாத்திரை ஆகிய முட்டை வெளிப்படுவதை நிறுத்திவைக்கிற எல்லாமே ஆபத்தைக் குறைப்பதும் அந்த அனுமானத்தோடு பொருந்துகிறது. ஆனால் நம் நாட்டுக்கு அதிகம் பொருந்துவது வேறொன்று. மணமான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு. கருக்குழாயைக் கட்டுவதே இந்நோயின் ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. புற்று பிறக்குமிடம் குழாயின் நுனி என்று தெரிந்தபின், கட்டுவதற்குப் பதிலாகக் குழாயையே எடுத்துவிடலாமே என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல் மருத்துவர்களிடையே பிரசாரம் செய்து வருகிறார்கள். 2022இல் வெளியான முதற்கணக்கு நம்பிக்கை தருவதாக இருக்கிறது. நம் பிரசவ விடுதிகளில் இதைப் பற்றிய பேச்சு எழ வேண்டிய காலம் வந்துவிட்டது.

இரண்டு மயக்கங்களையும் இங்கேயே தெளிவித்துவிட வேண்டும். கருப்பைவாய்க்குச் செய்யும் பரிசோதனை நன்றாக இருந்தால் சினைப்பையும் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை. அது வேறு உறுப்பு, வேறு நோய். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, இனி எனக்கு அந்தக் கவலை இல்லை என்கிற பெண்ணிடமும், சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். பலருக்கு அவற்றை விட்டே வைத்திருப்பார்கள். மாறாக, இளம்பெண்களுக்கு ஸ்கேனில் தென்படும் நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றோடு சம்பந்தமற்றவை. அவற்றைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் அபூர்வமாக வருகிற ஒரு வகைச் சினைப்பைப் புற்று, மருந்துக்கு நன்கு கட்டுப்பட்டுப் பெரும்பாலும் குணமாகிவிடுவது.

அறிகுறியைக் கவனித்து விரைந்து சென்றால் என்ன லாபம், அப்போதுங்கூட நோய் பரவித்தானே இருக்கும் என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மரணம் இவ்வளவு குறையும் என்று எண் சொல்லத்தக்க நிரூபணம் இன்னும் இல்லை. ஆனால் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டு அறிகுறியோடு வந்த பெண்களுக்குத் தாமதமின்றிப் பரிசோதனை செய்து 2012இல் எழுதியவர்கள், அவ்விதம் கண்ட நோயாளிகளிடம் நோயின் பாரம் குறைவாக இருந்தது, அறுவையில் முழுவதும் அகற்ற முடிந்தவர்கள் அதிகம் என்றார்கள். பிரிட்டனில் அறிகுறியின்பேரில் விரைந்து அனுப்பப்பட்டவர்களில், கொடிய வகைப் புற்று இருந்த பெண்களிலும் நால்வரில் ஒருவருக்கு முற்படு கட்டத்திலேயே அது தெரியவந்ததாக 2024இல் ஓர் ஆய்வு சொன்னது. கண்ணுக்குத் தெரிகிற நோயெல்லாம் எடுபட்டதா இல்லையா என்பதே இந்நோயில் ஆயுளை நிர்ணயிக்கிற பெரிய விஷயம் ஆகையால், இதை அற்ப லாபம் என்று தள்ளிவிட முடியாது.

அதே காரணத்தால், முதல் அறுவையை யார் செய்கிறார் என்பதும் முக்கியம். சோனோகிராபியில் திடமும் நீருமாகக் கலந்த கட்டியோ, இரு சினைப்பையிலும் கட்டியோ, வயிற்றில் நீரோ தெரிந்தால், தெருமுனை நர்சிங்ஹோமில் ‘கட்டியை எடுத்துவிடலாம்’ என்று நாள் குறிப்பதற்கு உடன்படலாகாது. பையோடு அடங்கியிருக்கிற கட்டியை ஊசியால் குத்தினாலோ உடைத்தாலோ உள்ளே இருப்பது வயிற்றில் சிந்தி, முதற்கட்டத்திலேயே நோயை ஒரு படி ஏற்றிவிடும். பெண்ணுறுப்புப் புற்றில் தனிப் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் இருக்குமிடமே அதற்குரிய இடம். சயான் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுங்கா, தாதர் கடந்து மூன்றாவதாக வருகிற பரேலில் 1941 முதல் அத்தகைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கும்போது, அதைத் தாண்டி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்ற யோசனையே பலரை ஊருக்கு ரயிலேற்றிவிடுகிறது. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் புற்றுநோய்க்கான அறுவையும் கீமோ சிகிச்சையும் அடக்கம். ஆனால் அதற்கு ரேஷன் அட்டை, இம்மாநிலத்தில் குடியிருப்பதற்கான சான்று போன்ற காகிதங்கள் வேண்டும். முப்பது ஆண்டாகத் தாராவியில் இருந்தும் அட்டையில் பெயரை மட்டும் ஊரிலேயே வைத்திருக்கிற குடும்பங்கள், தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அங்கே போவதா, இங்கே புதிதாகச் சான்று வாங்குவதா என்று பேசிப் பேசியே வாரங்களைக் கழிக்கின்றன. சோனோகிராபிக்குச் சீட்டு எழுதப்பட்ட அன்றே, வீட்டில் யாரேனும் ஒருவர் அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்து, பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், குடும்பத்துப் பெண்களின் நோய்களை எழுதிய தாளையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு வைக்கட்டும். பரேலில் முதல் நாள் கேட்பதெல்லாம் ஏறத்தாழ இவைதாம்.